ஃபார்மட் செய்வதற்கு முன்…

மடிக்கணினியைத் திறக்கிறோம். நிறுவனச் சின்னம் தோன்றுகிறது, வட்டம் சுழல்கிறது, திரை இருள்கிறது, மீண்டும் அதே சின்னம். இந்நிலையைக் கண்டதும் நம்மில் பலரும் சொல்லும் முதல் சொல், "ஃபார்மட் போட்டுவிடலாம்" என்பதே. இந்த அவசரம் தவறானது என்பதை நாம் வலியுறுத்த விரும்புகிறோம்.

எங்கள் மஹல்லா அலுவலகத்தின் மடிக்கணினி சென்ற ரமளானுக்குச் சில நாள்கள் முன்பு இப்படித்தான் நின்றுபோனது. கல்வி உதவி கோரிய மாணவர்களின் விண்ணப்பங்கள், பைத்துல்மாலின் வரவு செலவு, நிக்காஹ் பதிவேட்டின் ஸ்கேன் பிரதிகள் அனைத்தும் அதில் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை. பழுது பார்க்கும் கடையில், ஒரு மணி நேரத்தில் விண்டோஸை மீண்டும் நிறுவித் தருவதாகச் சொன்னார்கள். "உள்ளே இருப்பவை?" என்று கேட்டோம். "அதெல்லாம் போயிடும் பாய்" என்றார் அங்கிருந்தவர். மடிக்கணினியைத் திரும்ப எடுத்து வந்துவிட்டோம்.

கணினி இயங்கத் தொடங்கவில்லை என்பதால் அதிலுள்ள கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளல்ல. பூட்டு பழுதானால் வீட்டை இடிப்பதில்லை. விண்டோஸ் தொடர்ந்து சிலமுறை தொடங்கத் தவறினால், பழுது நீக்கும் திரை தானாகவே வரும். தொடக்கப் பழுதைச் சரிசெய்தல், அண்மையில் வந்த அப்டேட்டை நீக்குதல், முந்தைய நிலைக்குத் திரும்புதல் ஆகிய மூன்றையும் முதலில் முயன்று பார்க்க வேண்டும். பலருக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

எங்களுக்குத் தீரவில்லை. கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர், வேறொரு கணினியின் துணையுடன் உபுண்டு லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுவந்தார். அதை மடிக்கணினியில் நிறுவாமல், பென்டிரைவிலிருந்தே இயக்கினார். கோப்புகள் யாவும் கண்முன்னே தெரிந்தன. அவற்றை வெளி ஹார்டு டிஸ்கிற்கு நகலெடுத்து, சிலவற்றைத் திறந்து சரிபார்த்த பின்னரே, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் விண்டோஸைத் தயாரித்துப் புதிதாக நிறுவினோம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புக் குறியீடு இன்றி எதையும் எடுக்க இயலாது. பெரும்பாலும் அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இரண்டாவது, ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று ஒலித்தாலோ, நகலெடுக்கையில் அடிக்கடி பிழை காட்டினாலோ, பழுது மென்பொருளில் இல்லை. அதன்மீது எத்தனை முறை விண்டோஸ் நிறுவினாலும் பயனில்லை. டிஸ்கைத்தான் மாற்ற வேண்டும்.

அடுத்தது, நாம் பேசத் தயங்கும் விஷயம். கடைகளில் திருட்டுப் பிரதியை ஏற்றுவது வழக்கமாகிவிட்டது, நாமும் கேட்பதில்லை. விண்டோஸுடன் விற்கப்பட்ட மடிக்கணினிகளில் உரிமம் பொதுவாக இயந்திரத்திலேயே பதிந்திருக்கும். அதே பதிப்பை மீண்டும் நிறுவி இணையத்தில் இணைத்தால் போதும். எங்களுக்கும் அவ்வாறே ஒரு ரூபாய் செலவின்றி உரிமம் உறுதியானது. உரிமம் இல்லையெனில் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகள் இலவசம். 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாத பழைய மடிக்கணினிகளுக்கும் இதுவே நல்ல வழி. உரிமத்தை உடைக்கும் மென்பொருள்களோடு வைரஸ்களும் நுழைவதுண்டு. அதனினும் மேலாக, பிறர் உழைப்பைத் திருடிய ஒன்றில் அமர்ந்துகொண்டு பைத்துல்மால் கணக்கை எழுதுவது நமக்கு எப்படிப் பொருந்தும்?

மடிக்கணினி ஓர் அமானிதமும்கூட. குடும்பப் புகைப்படங்களும் பெண்களின் படங்களும் அதில் இருக்கின்றன. தனிப்பட்டவற்றை நகலெடுத்து நீக்கிய பிறகு பழுதுக்குக் கொடுப்பது நன்று. இயலாதபோது, நம்பிக்கைக்குரியவரிடம் கொடுத்து, கூடவே இருந்து வாங்கி வருவோம். இத்தொழிலில் உள்ள சகோதரர்களும், அழிப்பதற்கு முன் "நகல் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டால், எத்தனையோ பேரின் கண்ணீரைத் தடுக்கலாம்.

ஆனால் பழியைக் கடைக்காரர்மீது மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. எங்கள் பதிவேடுகள் பிழைத்ததற்குக் காரணம் அல்லாஹ்வின் அருளும் அந்தத் தம்பியின் உதவியுமேயன்றி, எங்கள் முன்யோசனை அல்ல. மக்கள் நம்பி ஒப்படைத்தவற்றை ஒரே பெட்டியில் வைத்திருந்த பிழை எங்களுடையது. இப்போது வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் செயலாளர் இரண்டு நகல்கள் எடுக்கிறார். அவற்றுள் ஒன்று அலுவலகத்திற்கு வெளியே பாதுகாக்கப்படுகிறது. இதற்கு அரைமணி நேரம்கூட ஆவதில்லை. உங்கள் மடிக்கணினி நன்றாக இயங்கும் இன்றே நீங்களும் தொடங்குங்கள். நின்றுபோன நாளில், இன்ஷா அல்லாஹ், பதற்றம் இருக்காது.