வந்தேறி என்று யாரைச் சொல்கிறோம்?

"தாத்தா காலத்திலிருந்து இங்கே இருக்கிறோம், நமக்கே ஒன்றும் கிடைக்கவில்லை. நேற்று படகில் வந்தவனுக்கு எல்லாம் கிடைக்கிறது!"

கோப்பிக் கடையில், கோயில் அன்னதான வரிசையில், பொது மருத்துவமனையின் காத்திருப்பு நாற்காலிகளில் இந்தப் பேச்சைக் கேட்காத நாள் இல்லை. 2020 ஏப்ரலில் அது உச்சத்துக்குப் போனது. கோவிட் பயத்தில் நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். லங்காவி கடல் பக்கம் ரொஹிங்கியா மக்களை ஏற்றி வந்த படகு ஒன்று திருப்பி அனுப்பப்பட்டது. அடுத்த சில வாரங்கள் அவர்கள் மீது வசைமாரி பொழிந்தது. "பெண்டாத்தாங்", "நாட்டை விட்டு விரட்டு" என்று எழுதியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள்.

பெண்டாத்தாங்! வந்தேறி! இந்தச் சொல் நமக்குப் புதிதா? தேர்தல் வந்தாலும், தமிழ்ப்பள்ளிக்கு நிலம் கேட்டாலும், கோயில் உடைப்பை எதிர்த்துக் குரல் கொடுத்தாலும் நம் முகத்தில் எறியப்பட்ட சொல் அல்லவா இது? அதே கல்லை எடுத்து இன்னொருவன் மீது எறிவதற்கு முன்னால், உண்மை என்ன, சட்டம் என்ன, இதில் நமக்கு இலாபமா நட்டமா என்று ஒரு முறை உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.

நம் மக்களின் குறையைச் சிறுமைப்படுத்த நான் வரவில்லை. சம்பளம் போதவில்லை என்பது உண்மை. மருத்துவமனையில் கூட்டம் என்பது உண்மை. நீல அடையாள அட்டைக்கு அலைந்து ஓய்ந்தவர்கள் நம்மிடையே இருப்பதும் உண்மை. அந்தக் குறைகளுக்குக் காரணம் யார் என்பதுதான் கேள்வி.

"அவர்களுக்கு எல்லாம் இலவசம்"

மலேசியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 1967-ஆம் ஆண்டின் கூடுதல் ஒப்பந்தத்திலும் இல்லை. ஆகவே, நம் குடிநுழைவுச் சட்டத்தில் 'அகதி' என்று ஒரு பிரிவே கிடையாது. அந்தச் சட்டத்தின் கண்ணில், பாஸ் இல்லாமல் நுழைந்த எவரும் ஒன்றுதான். 6-ஆவது பிரிவின்படி 10,000 வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 2002 திருத்தத்துக்குப் பிறகு 6 பிரம்படி வரை. உயிருக்குப் பயந்து ஓடி வந்தவனுக்கும் இதே சட்டம், ஆள் கடத்தல்காரனிடம் ஏமாந்து வந்தவனுக்கும் இதே சட்டம்.

'யூஎன் கார்டு' என்று நாம் சொல்கிறோமே, அது ஐ.நா. அகதிகள் ஆணையம் தரும் அட்டை. அந்த ஆணையம் 1975 முதல் இங்கே இயங்குகிறது. அட்டை வைத்திருப்பவர்கள் ஏறத்தாழ 2 இலட்சம் பேர். பெரும்பாலோர் மியன்மாரைச் சேர்ந்தவர்கள். இலங்கை, பாகிஸ்தான், ஏமன், சோமாலியா நாட்டினரும் உண்டு. அந்த அட்டை பணம் தராது, வீடு தராது, வேலை செய்யும் உரிமையையும் தராது. அதைக் காட்டினால் போலீஸ் விட்டுவிடலாம், விடாமலும் போகலாம்.

அரசாங்க உதவிகளைப் பாருங்கள். ரஹ்மா ரொக்க உதவி குடிமக்களுக்கு மட்டும். 2025-இல் பெரியவர்கள் அனைவருக்கும் மைகார்டில் 100 வெள்ளி போட்டார்களே, அதுவும் குடிமக்களுக்கு மட்டும். அகதியின் பிள்ளைக்கு அரசாங்கப் பள்ளியில் இடமில்லை. கடைவீட்டு மாடியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் கற்றல் மையங்கள்தான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம்.

மருத்துவமனை? நமக்கு 1 வெள்ளி. வெளிநாட்டவருக்கு 40 வெள்ளி. யூஎன் கார்டு இருந்தால் பாதிக் கட்டணம், அதாவது 20 வெள்ளி. நாம் கட்டுவதைப் போல் இருபது மடங்கு. வார்டில் சேர்வதென்றால் முதலில் வைப்புத் தொகை கட்ட வேண்டும். இதுவா இலவசம்? போதாததற்கு, பத்திரம் இல்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் புகார் செய்ய வேண்டும் என்று சுகாதார அமைச்சின் 2001-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை சொல்கிறது. அதனால் காய்ச்சல் வந்தாலும், பிரசவ வலி வந்தாலும் வீட்டிலேயே ஒளிந்திருப்பவர்கள் உண்டு. தொற்று நோய் ஒளிந்திருந்தால் அது அடுத்த வீட்டையும் தட்டும். அந்த அடுத்த வீடு பெரும்பாலும் நம்முடைய வீடுதான். ஏழைகளின் அடுக்குமாடியில் அவர்களோடு இருப்பவர்கள் நாம்தானே!

"நம் வேலையைப் பிடுங்கிக் கொண்டார்கள்"

இது வயிற்றைத் தொடும் கேள்வி. நேராகவே பேசுவோம்.

தோட்டப்புறத்தில் நம்முடைய கூலி ஏன் உயரவில்லை? 1980-களில் குத்தகைக்காரர்கள் வழியாக இந்தோனேசியத் தொழிலாளர்களைக் கொண்டு வந்தார்கள். கூடுதல் கூலி கேட்டவர்களுக்கு, "வேண்டாம் என்றால் போ, ஆள் இருக்கிறது" என்ற பதில் கிடைத்தது. இது நடந்தது உண்மை. ஆனால் அந்தப் பதிலைச் சொன்னது யார்? கப்பலில் வந்த இந்தோனேசியனா, தோட்ட முதலாளியா? நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் என்ற ஒன்று வந்ததே 2013-இல்தான், தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2025-இல்தான் அது 1,700 வெள்ளி ஆனது. இத்தனை காலம் அதைத் தள்ளிப் போட்டது எந்த அகதியும் அல்ல.

நம் வீட்டைப் பறித்தது யார்? புத்ராஜெயா எழும்பிய நிலத்தில் பிராங் பெசார் உட்பட நான்கு தோட்டங்கள் இருந்தன. அங்கே தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் வெட்டியவர்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டவன் ரொஹிங்கியா இல்லை.

கணக்கையும் பாருங்கள். பெர்மிட்டோடு வந்திருக்கும் அந்நியத் தொழிலாளர்கள் 20 இலட்சத்துக்கு மேல். அவர்களை வரவழைத்தது முதலாளிகள், அனுமதித்தது அரசாங்கம், நடுவில் கமிஷன் வாங்கியது ஏஜெண்டுகள். அகதிகளோ 2 இலட்சம், அதில் பிள்ளைகளும் முதியவர்களும் அடக்கம்.

அகதிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் வயிறு கேட்குமா? கட்டுமானத் தளத்திலும் மொத்தச் சந்தையிலும் உணவகத்தின் பின்கட்டிலும் கள்ளமாக வேலை செய்கிறான். சம்பளம் தராவிட்டால் புகார் செய்ய முடியாது. விரல் போனாலும் வாய் திறக்க முடியாது. இப்படிப்பட்ட ஆளைத்தான் சில முதலாளிகளுக்குப் பிடிக்கும். பத்திரமில்லாத ஆளை வேலைக்கு வைத்தால் முதலாளிக்கு ஒரு தலைக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் என்று அதே குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவு சொல்கிறது. ஆனால் அதிரடிச் சோதனைக்குப் பிறகு தரையில் வரிசையாக உட்கார வைக்கப்படுபவர்கள் யார்? தொழிலாளர்கள்! அந்த வரிசையில் ஒரு முதலாளியைப் பார்த்திருக்கிறீர்களா?

ஆகவே, உரிமை இல்லாத தொழிலாளி ஒருவன் இருக்கும் வரை, உரிமை உள்ள தொழிலாளியின் கூலியும் ஏறாது. அவனை விரட்டினால் அவன் இடத்துக்கு இன்னொரு உரிமையில்லாதவன் வருவான். அவனுக்கும் சட்டப்படி வேலை, குறைந்தபட்சச் சம்பளம், சொக்சோ என்று வந்துவிட்டால், "மலிவான ஆள்" என்ற ஆயுதம் முதலாளியின் கையில் இருக்காது. 2017-இல் 300 ரொஹிங்கியாக்களுக்கு வேலை அனுமதி தரும் சோதனைத் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அது ஒப்புக்கு நடந்து ஓய்ந்தது. 2018 தேர்தல் அறிக்கையில் பக்காத்தான் ஹராப்பான் 1951 ஒப்பந்தத்தை ஏற்போம் என்று எழுதியது. ஆட்சிக்கு வந்தது, போனது, மீண்டும் வந்தது. எழுத்து எழுத்தாகவே இருக்கிறது.

"அவர்களுக்கு ஐசி, நமக்கு அலைச்சல்"

நம் மனத்தில் ஆழமாகக் குத்தியிருக்கும் முள் இதுதான். இங்கே பிறந்து, இங்கே படித்து, இங்கேயே தாத்தாவைப் புதைத்தவன் சிவப்பு அட்டையோடு நிற்கிறான். சபாவில் வெளிநாட்டவருக்குக் கள்ளத்தனமாக ஐசி கொடுக்கப்பட்டது என்று கேட்டால் இரத்தம் கொதிக்காதா? கொதிக்க வேண்டியதுதான்.

ஆனால் அதை விசாரித்த அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2014-இல் வெளிவந்தபோது, அது சுட்டிக்காட்டியது பணத்துக்கு ஐசி விற்ற அதிகாரிகளையும் கும்பல்களையும்தான். விற்றவன் இருந்ததால் வாங்கியவன் இருந்தான். யூஎன் கார்டு ஐசி அல்ல. அதை வைத்து ஓட்டுப் போட முடியாது. இங்கேயே பிறந்த ரொஹிங்கியா பிள்ளைகள் இன்றும் நாடற்றவர்களாகத்தான் வளர்கிறார்கள். எந்தத் தேசியப் பதிவிலாகாவின் முகப்பில் நாம் ஏமாற்றத்தோடு திரும்பினோமோ, அதே கதவு அவர்களுக்கும் அடைத்தே இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2024 அக்டோபரில் குடியுரிமை பற்றிய அரசியலமைப்புத் திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களுக்கு அது நியாயம் வழங்கியது, வரவேற்போம். ஆனால் அதே திருத்தத்தில், நிரந்தரவாசிகளுக்கு இங்கே பிறக்கும் பிள்ளை தானாகக் குடிமகன் ஆகும் என்ற பாதுகாப்பு எடுக்கப்பட்டது. நிரந்தரவாசி என்றால் யார்? சிவப்பு அட்டை வைத்திருக்கும் நம் தோட்டத்துப் பிள்ளையும்தான்! வெளிநாட்டவர் பயம் ஊரெல்லாம் பரவியிருக்கும்போது இப்படிப்பட்ட மாற்றங்கள் சத்தமில்லாமல் நிறைவேறிவிடும். அந்தப் பயத்தை வளர்ப்பதில் நமக்கும் பங்கு வேண்டுமா?

சட்டம் ஆள் பார்த்து அடிக்காது

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நமக்கு வந்திருக்கிறது. மறந்துவிட்டோம்.

1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியதும் மறுபடியும் ஆள் எடுத்தார்கள். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்ற சட்டம் அமலானபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் பிறந்த மண்ணை விட்டுக் கப்பலேறினார்கள். அப்போதும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றுதான்: உள்ளூர் மக்களுக்கு வேலை வேண்டும். அன்று 'அந்நியன்' நாம்!

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலுக்காக நாம் அழுதோம். மெழுகுவத்தி ஏற்றினோம், பணம் திரட்டினோம். தப்பி வந்த ஈழத்தமிழர்கள் கையில் இருந்ததும் அதே யூஎன் கார்டுதான். 2014 மே மாதம், ஐ.நா. ஆணையத்தில் பதிந்திருந்த மூன்று ஈழத்தமிழர்களை இந்த நாடு இலங்கை அரசிடமே திருப்பி அனுப்பியது. ரொஹிங்கியாவுக்கு எதிராக நாம் கைதட்டும் சட்டம், ஈழத்தமிழனை ஒப்படைத்த அதே சட்டம். இவனுக்கு ஒரு நியாயம், அவனுக்கு ஒரு நியாயம் என்று கேட்டால் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது.

2020 மே 1, தொழிலாளர் தினம். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில், நடமாட்டக் கட்டுப்பாட்டில் பூட்டப்பட்டிருந்த சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டடங்களைச் சுற்றிச் சோதனை நடந்தது. நூற்றுக்கணக்கானோர் லாரியில் ஏற்றப்பட்டார்கள். அவர்களில் இந்திய நாட்டினரும் இருந்தார்கள். கோவிட் சோதனைக்கு வாருங்கள், கைது செய்ய மாட்டோம் என்று மார்ச்சில் சொன்ன வார்த்தை மே மாதத்தில் காற்றில் போனது.

2021 பிப்ரவரி 23-இல் உயர் நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்தது. அன்றே 1,086 மியன்மார் நாட்டினர் கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். வழக்கறிஞன் என்ற முறையில் சொல்கிறேன், இதுதான் என்னை அதிகம் கலங்க வைக்கிறது. நீதிமன்ற உத்தரவை ஒரு முறை மீறிப் பழகிய கை, நாளை நம்முடைய கோயில் வழக்கில், நம்முடைய நில வழக்கில் நின்றுவிடுமா?

2022 ஏப்ரல் 20-இல் சுங்கை பாக்காப் அருகே தடுப்பு முகாமிலிருந்து 528 ரொஹிங்கியாக்கள் தப்பி ஓடினார்கள். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது 6 பேர் வாகனத்தில் அடிபட்டு இறந்தார்கள், அவர்களில் இருவர் பிள்ளைகள். பிள்ளையை இழுத்துக்கொண்டு இருட்டில் நெடுஞ்சாலைக்கு ஓடுகிறான் என்றால், உள்ளே என்ன நிலைமை என்று கேட்க வேண்டாமா?

என்ன செய்வது?

கதவை அகலத் திறந்து விடுங்கள், கட்டுப்பாடே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யார் வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று அரசாங்கம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குற்றம் செய்தவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் தண்டிக்கப்பட வேண்டும். அதற்கு ஒழுங்கான சட்டம் தேவை. வியட்நாம் படகு மக்கள் இரண்டரை இலட்சம் பேருக்கு இருபது ஆண்டுகள் இடம் கொடுத்த நாடு இது. பூலாவ் பீடோங் தீவு அதற்குச் சாட்சி. முடியாது என்று சொல்ல முடியாது.

நம்முடைய கோரிக்கைகள் இவை:

1. அகதி யார் என்பதை வரையறுக்கும் சட்டம் வேண்டும். 1951 ஒப்பந்தத்தை அரசாங்கம் ஏற்க வேண்டும்.

2. பதிவு பெற்ற அகதிகளுக்குச் சட்டப்படி வேலை, குறைந்தபட்சச் சம்பளம், சொக்சோ வேண்டும். கள்ளமாக ஆள் வைக்கும் முதலாளி மீது 55பி பிரிவு உண்மையாகவே பாய வேண்டும்.

3. 2001-ஆம் ஆண்டு மருத்துவமனைச் சுற்றறிக்கை மீட்டுக்கொள்ளப்பட வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் பள்ளிக் கதவு மூடக்கூடாது.

4. இந்நாட்டில் பிறந்து வளர்ந்த சிவப்பு அட்டைக்காரர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் குடியுரிமை வேண்டும்.

இரண்டாவது கோரிக்கையும் நான்காவது கோரிக்கையும் வேறு வேறு சண்டைகள் அல்ல. காகிதம் இல்லை என்பதற்காக ஒருவனை மனிதனில்லை என்று நடத்தாதே என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை.

வீட்டில் செய்யக்கூடியதும் உண்டு. கைப்பேசியில் வந்த வசையை அடுத்தவருக்குத் தள்ளி விடாதீர்கள். பிள்ளைகள் 'பங்களா', 'ரொஹிங்கியா' என்று கேலியாகச் சொன்னால் திருத்துங்கள். பக்கத்து வீட்டில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால், எங்கே கொண்டு போனார்கள் என்று கேட்டு அவர் குடும்பத்துக்குச் சொல்லுங்கள். பிழைக்க வந்த நம் தாத்தாவுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். அந்தக் கடனை அடைக்க வேண்டியவர்கள் நாம்தான்.