பார்த்த பிறகு பேசுவோம்

"படம் பார்க்கலாமா, கூடாதா?" என்பது எமது வீடுகளில் பழைய கேள்வி. வாப்பா ஒரு பதில் சொல்வார், உம்மா இன்னொரு பதில் சொல்வார், உம்மம்மா இருவரையும் கண்டிப்பார். ஆனால் கையடக்கத் தொலைபேசி வந்த பிறகு அந்தக் கேள்விக்கு இருந்த பலம் குறைந்துவிட்டது. கொவிட் காலத்தில் பாடங்கள் சூம் வழியாகவும் வட்ஸ்அப் வழியாகவும் நடந்தபோதுதான் எம்மில் பலருக்கு முதன்முதலாகத் தொலைபேசி கிடைத்தது. பாடங்கள் வகுப்பறைக்குத் திரும்பிவிட்டன; தொலைபேசி எங்களிடமே தங்கிவிட்டது. இன்று எமது வகுப்பிலேயே கொரியத் தொடர் பார்ப்பவர்கள், துருக்கித் தொடர் பார்ப்பவர்கள், தமிழ்ப் படம் பார்ப்பவர்கள் என்று எல்லோரும் இருக்கிறோம். அநேகமானோர் பார்ப்பது தனியாக, காதில் இயர்போனுடன்.

எதைப் பார்க்கிறோம் என்பது முக்கியம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பார்த்ததை யாரிடம் பேசுகிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்பதே என் கருத்து. அண்மையில் எமது வீட்டில் சேர்ந்து பார்த்த சிலவற்றை வைத்தே இதைச் சொல்கிறேன்.

முதலாவது, 2025 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'அடொலசன்ஸ்' என்ற பிரித்தானியத் தொடர். நான்கே அத்தியாயங்கள். ஒவ்வோர் அத்தியாயமும் இடையில் வெட்டப்படாத ஒரே காட்சியாகப் படமாக்கப்பட்டது. ஜேமி என்ற பதின்மூன்று வயதுப் பையன், தன்னோடு படித்த மாணவியைக் கொன்றான் என்று பொலிஸாரால் கைது செய்யப்படுகிறான். அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவற்றுள் பெண்களை வெறுக்கக் கற்றுக்கொடுக்கும் இணையப் பேச்சும் ஒன்று. இரண்டாம் அத்தியாயத்தில், மாணவர்கள் இன்ஸ்டாகிராமில் இடும் இமோஜிகளின் உண்மையான அர்த்தத்தை விசாரணை அதிகாரிக்கு அவருடைய மகனே விளக்க வேண்டியிருக்கிறது. அனுபவமுள்ள பொலிஸ் அதிகாரிக்கே பிள்ளைகளின் மொழி தெரியவில்லை.

கடைசி அத்தியாயத்தில் ஜேமியின் தாயும் தகப்பனும் கட்டிலில் அமர்ந்து பேசுகிறார்கள். மகன் வெளியே சுற்றவில்லை, தன் அறையில் கணினியின் முன் இருந்தான், ஆகவே பத்திரமாக இருக்கிறான் என்றே இருவரும் நம்பியிருந்தார்கள். அந்த இடத்தில் உம்மா தொடரை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். எமது சமூகத்திலும் பெண்பிள்ளை வீட்டுக்குள் இருந்தால் பத்திரம் என்பதுதான் நம்பிக்கை. வீட்டுக்கு வெளியே போகாமலே உலகத்தின் எந்த மூலைக்கும் போய் வரலாம் என்பதை அந்த நம்பிக்கை இன்னும் கணக்கில் எடுக்கவில்லை. இத்தொடரில் கெட்ட வார்த்தைகள் உண்டு, சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல. உயர்தர மாணவிகளும் பெற்றோரும் ஒன்றாக அமர்ந்து பார்க்க வேண்டியது இது.

இரண்டாவது, 2012இல் வெளிவந்த 'வஜ்தா'. முழுக்க முழுக்க சவூதி அரேபியாவுக்குள்ளேயே படமாக்கப்பட்ட முதல் முழுநீளத் திரைப்படம் இது. இயக்கியவர் ஹைஃபா அல் மன்சூர் என்ற சவூதிப் பெண். தெருக்களில் ஆண்களோடு நின்று வேலை செய்ய முடியாததால், வேனுக்குள் இருந்தபடி வோக்கிடோக்கி மூலம் அறிவுறுத்தல் கொடுத்தே பல காட்சிகளை எடுத்தார். கதை மிக எளிமையானது. ஒரு சிறுமிக்குப் பச்சை நிறச் சைக்கிள் ஒன்றின் மீது ஆசை. அதற்குக் காசு சேர்ப்பதற்காகப் பாடசாலையின் கிராஅத் போட்டியில் சேர்கிறாள், வெற்றியும் பெறுகிறாள். பரிசுப் பணத்தை என்ன செய்வாய் என்று கேட்டதும், சைக்கிள் வாங்குவேன் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அதிபர் அந்தப் பணத்தைப் பலஸ்தீனத்துக்கு அனுப்பிவிடுகிறார்.

இந்த இடத்தில் எமது வீடு இரண்டாகப் பிரிந்தது. "பலஸ்தீனத்துக்குத்தானே குடுத்தாங்க, அதுல என்ன பிழை?" என்றார் உம்மம்மா. "குடுக்கிறது நல்லம்தான். ஆனா அவள்ட விருப்பத்தோட குடுத்தாத்தானே அது ஸதகா?" என்று கேட்டார் உம்மா. அன்று தொடங்கிய பேச்சு, உம்மா தன் சின்ன வயதில் எதற்கு ஆசைப்பட்டார், எது கிடைக்கவில்லை என்பதுவரை போனது. பதினேழு வருடம் அவருடன் ஒரே வீட்டில் வாழ்ந்தும் அவற்றை நான் கேட்டிருக்கவில்லை. படம் நல்லதா என்பதில் உம்மம்மா இன்றும் உடன்படவில்லை. பரவாயில்லை. உடன்படாமலே ஒரு மணித்தியாலம் பேச முடிந்ததே பெரிது.

மூன்றாவது, எமக்கு மிகவும் பழக்கமான தமிழ்ப் படங்கள். 1992இல் வந்த 'ரோஜா' இன்றும் தொலைக்காட்சியில் போகிறது. பாடல்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதிலே ஆயுதமேந்தியவர் தொழும் காட்சியும், கதாநாயகன் தன் உடலால் தீயை அணைக்கும் காட்சியும் மாறி மாறிக் காட்டப்படுகின்றன. தொழுகை ஒரு பயங்கரவாதியின் அடையாளமாகப் பார்ப்பவரின் மனதில் பதிகிறது. படம் முடிந்ததும் என் தம்பி கேட்டான்: "ராத்தா, படத்துல நம்மட பேர் உள்ள ஆக்கள் மட்டும் ஏன் துவக்கு வெச்சிருக்காங்க?"

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு, அதைக் கண்டித்த குடும்பங்களின் பிள்ளைகளும் பஸ்ஸிலும் கடையிலும் சந்தேகப் பார்வைகளைச் சந்தித்தோம். அதனால் தம்பியின் கேள்வி எனக்குச் சிறிய கேள்வியாகத் தெரியவில்லை. அவன் தனியாகப் பார்த்திருந்தால் அந்தக் கேள்வி அவனுக்குள்ளேயே தங்கியிருக்கும். கேட்டதால், 2021இல் வந்த 'மாநாடு' படத்தையும் அவனுக்குக் காட்ட முடிந்தது. அதன் கதாநாயகன் அப்துல் காலிக். ஒரு கொலையை நடத்தி, அந்தப் பழியை முஸ்லிம் ஒருவர் மீது போட்டுக் கலவரம் மூட்டத் திட்டமிடும் அரசியல்வாதிகளைத் தடுப்பவன் அவன். எல்லாக் கதைகளையும் ஒருவர்தான் எழுதுகிறார் என்றில்லை, யார் எழுதுகிறார் என்று பார்க்க வேண்டும் என்பது தம்பிக்கு ஓரளவு விளங்கியது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரலாம். ஒன்று, உயர்தரப் பரீட்சை. "படிக்கிற வயதில் படம் எதற்கு?" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் நேரத்தைத் தின்பது சேர்ந்து பார்க்கும் ஒரு படமல்ல. ஓர் அத்தியாயம் முடிந்து சில விநாடிகளில் அடுத்தது தானாகவே ஓடத் தொடங்கும் தொடர்களை இரவு இரண்டு மணிவரை தனியாகப் பார்ப்பதே நேரத்தையும் நித்திரையையும் தின்கிறது. வீட்டார் பக்கத்தில் இருந்தால் உம்மா எழும்பித் தேநீர் போடப் போவார், தொடரும் நின்றுவிடும்.

மற்றையது, சினிமாவே வேண்டாம் என்று உறுதியாக இருக்கும் பெற்றோரின் மறுப்பு. அவர்களுடன் நான் வாதாட வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். உங்கள் மகள் எங்கோ ஒரு காட்சியைக் கண்டு குழம்பிப்போனால், உங்களிடம் வந்து சொல்வாளா? "நீ ஏன் அதைப் பார்த்தாய்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும் என்று தெரிந்தால், அவள் வாய் திறக்கமாட்டாள். பதிலை இணையத்தில் தேடுவாள். அங்கே பதில் சொல்பவர் யாரென்று அவளுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பெற்றோரிடம் இன்னொரு வேண்டுகோள். படம் முடிந்தவுடன் உபதேசம் தொடங்கிவிட வேண்டாம். உபதேசம் வருமென்று தெரிந்தால் அடுத்த முறை நாங்கள் எங்கள் அறைக்கே போய்விடுவோம். "அந்தப் பிள்ளை செய்தது சரியா?", "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?", "இந்தக் கதையில் யாருடைய பக்கம் சொல்லப்படவில்லை?" என்று மூன்று கேள்விகள் போதும். மாணவிகளுக்கும் ஒரு கடமை உண்டு. நாம் பார்ப்பதை உம்மாவின் முன்னால் பார்க்க முடியுமா என்று எங்களையே கேட்டுப் பார்ப்போம். முடியாதென்றால் ஏன் முடியாது என்றும் யோசிப்போம்.

எமது தமிழ் மன்றம் நாவல்களையும் கவிதைகளையும் பற்றிக் கலந்துரையாடுகிறது. தவணைக்கு ஒரு தடவை, ஆசிரியைகள் தெரிவு செய்யும் ஒரு படத்தைப் பற்றியும் அவ்வாறு பேசலாம், அன்றைக்குத் தாய்மாரையும் அழைக்கலாம். முதலாவதாக மஜீத் மஜீதியின் 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்' என்ற ஈரானியப் படத்தை நான் முன்மொழிகிறேன். 1997இல் வந்த அந்தப் படத்தில் தங்கையின் சப்பாத்தைத் தொலைத்துவிட்ட அண்ணனும் தங்கையும் ஒரே சோடிச் சப்பாத்தை மாறி மாறி அணிந்து பாடசாலைக்கு ஓடுகிறார்கள். துவக்கு இல்லை, வில்லன் இல்லை. உம்மம்மாவும் மறுப்புச் சொல்லாமல் கடைசிவரை பார்த்த படம் அது ஒன்றுதான்.