எதில் எத்தனை?

ஆடித் திங்கள் பிறந்ததும் துணிக்கடை வாயில்களில் ‘30 விழுக்காடு தள்ளுபடி’ என்னும் பலகைகள் தொங்கத் தொடங்கும். விழுக்காடு என்னும் சொல்லுக்கு வீதம், பங்கு என்பன பொருள். பங்கு என்றால், எதில் பங்கு என்னும் வினா உடன் எழ வேண்டும். பலகையைக் காண்போருள் அவ்வாறு வினவுவோர் மிகச் சிலரே.

ஒரு சேலையின் விலை 1000 ரூபாய். அதனை 20 விழுக்காடு உயர்த்தி, பின்பு 20 விழுக்காடு குறைத்தால் விலை என்னவாகும்? பழைய ஆயிரமே என்பர் மாணவர் பலர். அன்று, 960 ஆகும். ஏற்றியது ஆயிரத்தில் பங்கு, 200. இறக்கியதோ 1200இல் பங்கு, 240.

இங்கே ஆதாயம் வாங்குவோர்க்கு. ஆனால் வணிகர் கணக்கறியாதவர் அல்லர். அதே சேலைக்கு 1600 என்று சீட்டு ஒட்டி 30 விழுக்காடு தள்ளினால், 1120 ரூபாய் அவர் கைக்கு வரும். 480 ரூபாய் மிச்சமாயிற்று என்று மகிழ்ந்து வீடு திரும்பும் குடும்பத் தலைவி, உண்மையில் 120 ரூபாய் மிகுதியாகக் கொடுத்திருக்கிறார். நாணயமான கடைகள் பல உண்டு. எனினும் பலகையைக் கொண்டு நாணயத்தை அளத்தல் இயலாது.

‘50 விழுக்காடு, அதன்மேல் 20 விழுக்காடு’ என்பதை 70 என்று கூட்டுவதும் பிழையே. ஆயிரத்தில் பாதி போக எஞ்சிய 500இல்தான் அந்த 20. கழிவது 600.

விலை ஏறாதது போலத் தோன்றி ஏறுவதும் உண்டு. 10 ரூபாய்க்கு 100 கிராம் இருந்த பிஸ்கோத்துப் பொட்டலம், விலை மாறாமல் 80 கிராம் ஆகிறது. குறைந்த எடை 20 விழுக்காடு; ஏறிய விலையோ 25. ஒரு கிராம் 10 காசாக இருந்தது, பன்னிரண்டரைக் காசாகிவிட்டது.

திண்ணைப் பள்ளிகளில் மாகாணியும் அரைக்காலும் வாய்ப்பாடாக ஒலித்த காலத்தில், ரூபாய்க்குப் பதினாறு அணா. ரூபாய்க்கு ஓரணாத் தள்ளுபடி என்றால் ஆறேகால் விழுக்காடு என்று நூற்றுக்கு மாற்றிக் காண்பது கடினம். 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு நூறு காசு என்னும் முறை வந்தபின், ஒரு விழுக்காடு என்பது ரூபாய்க்கு ஒரு காசாயிற்று. கணக்கு இத்துணை எளிதாகிய பின்னரும், வகுப்பில் வட்டிக் கணக்கைப் பிழையின்றிப் போடும் மாணவன் கடையில் வாய் திறக்க நாணுகிறான். விலையைக் கணக்கிட்டுப் பார்ப்பது கஞ்சத்தனம் என்று யாரோ அவனுக்குக் கற்பித்துவிட்டனர். உழைத்து ஈட்டிய பணத்தை எண்ணிக் கொடுப்பதில் இழிவு என்ன இருக்கிறது? தாயுடன் கடைக்குச் செல்பவன், தள்ளுபடி எவ்வளவு என்பதை விடுத்து, இச்சேலை ஆனித் திங்களில் என்ன விலைக்கு விற்றது என்று கேட்கட்டும். விடை வாராவிடின், அடுத்த கடை பத்தடித் தொலைவில்தான் இருக்கும்.