கடையின் பின்னறை

“அவர்களுக்குப் படிப்பில் அக்கறை இல்லை.” கறுப்பின அமெரிக்கர்களைப் பற்றி நம் வீட்டு விருந்துகளில் இந்த வாக்கியம் எத்தனை எளிதாக வந்து விழுகிறது!

தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பதை 1740இலேயே சட்டம் தடுத்தது. 1834இல் வாசிப்பையும் சேர்த்துக்கொண்டது. பின்னர் அதே மாநிலம் வாக்குரிமைக்கு வாசிப்புத் தேர்வு வைத்தது.

அங்கே ஜான்ஸ் தீவில், 1957இல், ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் முதியோர் வகுப்பு தொடங்கியது. ஊரைத் திரட்டியவர் பஸ் ஓட்டிய ஈசா ஜென்கின்ஸ். வழிகாட்டியவர், கறுப்பினத்தார் உரிமைச் சங்கத்தை விட்டு விலக மறுத்ததால் வேலையிழந்த ஆசிரியை செப்டிமா கிளார்க். கற்பித்த பெர்னிஸ் ராபின்சன் அழகுக்கலைஞர். ஆசிரியப் பயிற்சியே இல்லாதவர். “என்ன கற்க வேண்டும்?” என்று கேட்டுத்தான் ஆரம்பித்தார். பெயரெழுத, மணியார்டர் படிவம் நிரப்ப, பிள்ளைகளின் கடிதம் வாசிக்க. வாக்காளராகப் பதிவதற்கு மாநில அரசியல் சட்டமும். அவ்வகுப்புகள் தெற்கெங்கும் பரவின.

அந்தப் போராட்டங்களின் சூட்டில், 1965இல், வாக்குரிமைச் சட்டம் வந்தது. நமக்குக் கதவு திறந்த குடியேற்றச் சட்டமும் அதே ஆண்டுதான். நாமோ (என்னையும் சேர்த்துத்தான்) ‘சொந்த உழைப்பு’ என்கிறோம்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளை நடத்தத் தெரிந்த நம் சங்கங்கள், உள்ளூர் நூலகத்தின் முதியோர் எழுத்தறிவு வகுப்புக்கும் ஆள் தரட்டும், பணம் தரட்டும். கல்லூரி விண்ணப்பத்தில் காட்டுவதற்காகப் பிள்ளைகளை அங்கே இரண்டு மணிநேரம் இறக்கிவிட்டு வருவது கணக்கில் சேராது.