கணினிக்குள்ளே ஒரு சூரியன்

2023 செப்டெம்பர் 2ஆம் திகதி ஆதித்யா-எல்1 செய்மதி ஏவப்பட்டபோது, அதன் திட்டப் பணிப்பாளர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகார் ஷாஜி என்ற செய்தியை நம்மவர்கள் பெருமையோடு பகிர்ந்தார்கள். எங்கள் உம்மாவும் பகிர்ந்தார். ஆனால், அந்தச் செய்மதி எதற்காக 15 இலட்சம் கிலோமீற்றர் தூரம் போகிறது என்று கேட்டவர்கள் மிகச் சிலரே. அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

சூரியன் அவ்வப்போது கோடிக்கணக்கான தொன் மின்னேற்றமுள்ள வாயுவைக் காந்தப்புலத்தோடு சேர்த்து விண்வெளியில் வீசுகிறது. அது பூமியை அடைய ஒன்று முதல் மூன்று நாட்கள் வரை செல்லும். 1989 மார்ச் மாதம் கனடாவின் கியூபெக் மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது இதனால்தான். 2022 பெப்ரவரியில் சாதாரணமானதொரு காந்தப் புயல், அப்போதுதான் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செய்மதிகளில் பெரும்பாலானவற்றை வீழ்த்திவிட்டது.

வீசிய பின் பார்ப்பது எளிது. எப்போது வீசும் என்று சொல்வதுதான் கடினம். சூரியனின் மேற்பரப்பு ஓயாமல் அசைகிறது. அதில் வேரூன்றிய காந்தக் கோடுகளும் அதனோடு இழுபட்டுக் கயிறு போல முறுக்கேறுகின்றன. முறுக்கில் சக்தி சேர்கிறது. பிறகு ஒரு கணத்தில் எல்லாம் அறுந்து கிளம்புகிறது. அந்தக் கணத்தைத் தொடக்கிவைப்பது எது? முறுக்கிய கயிறு ஓர் உயரத்தைத் தாண்டியதும், மேலிருந்து அழுத்தும் புலம் வலுவிழப்பதால் தானாகவே எழுகிறது என்பார் ஒரு சாரார். கீழே எதிரெதிர்க் கோடுகள் வெட்டி மீள இணைவதே தொடக்கம் என்பார் மறு சாரார். சூரியனின் வெளிவளிமண்டலத்துக் காந்தப்புலத்தை நேரடியாக அளப்பது மிகவும் அரிது. ஆகவே கணினிக்குள் ஒரு சிறு சூரியத் துண்டை அமைக்கிறார்கள். அதை நுண்ணிய அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறையிலும் அடர்த்தி, வேகம், காந்தப்புலம் என்பவற்றைக் கணத்துக்குக் கணம் கணக்கிடுகிறார்கள். 2021இல் சீன ஆய்வாளர் ஜியாங் சாவ்வேய் குழுவினர், இரண்டே முனைவுகளுள்ள எளிய புலத்தை மெதுவாகச் சறுக்கவைத்தே வெடிப்பை உண்டாக்கிக் காட்டினார்கள். அங்கே இரண்டாம் சாராரின் கை ஓங்கியது. வழக்கு இன்னும் தீரவில்லை.

இந்த வழக்கு எமக்கும் உரியது. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனைப் பக்கமாகச் செல்கிறது. தும்பாவை ஏவுதளமாகத் தெரிவுசெய்ததும் அதனால்தான். இந்தக் கோட்டுக்கு அண்மையில், பொழுது சாய்ந்த பின் சில இரவுகளில் மேல்வளிமண்டலம் குமிழ் குமிழாகக் கலங்கி, ஜி.பி.எஸ். சமிக்ஞையைத் தடுமாறச் செய்யும். சூரியப் புயல் அந்தக் கலக்கத்தைக் கிளப்பவும் கூடும், அடக்கவும் கூடும். வாப்பா நண்டு வாங்கப் போகும் புங்குடுதீவில், குறிகட்டுவான் பக்கத்துப் படகுகள் இரவில் அந்தச் சிறு கருவியை நம்பித்தான் கடலுக்குப் போகின்றன. எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரியாத கடல் அது.

“இதெல்லாம் பெரிய நாடுகளின் வேலை” என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செய்மதி ஏவப் பணம் வேண்டும், உண்மைதான். பெரிய கணிப்புகளுக்குப் பெரிய கணினிகளும் வேண்டும். ஆனால் அந்தச் சமன்பாடுகளின் வேர் நாங்கள் உயர்தரத்தில் படிக்கும் நியூற்றனின் விதிகளும் மின்காந்தவியலும்தான். 2010 முதல் சூரியனை இடைவிடாது படம்பிடிக்கும் நாசாவின் எஸ்.டி.ஓ. செய்மதியின் தரவுகள் யாவருக்கும் இலவசம். கொல்கத்தாவில் திபியேந்து நந்தி குழுவினர், 2017 ஓகஸ்ட் சூரிய கிரகணத்துக்கு முன்னரே ஒளிவளையத்தின் தோற்றத்தைக் கணினியால் கணித்து வெளியிட்டனர். நூறு வருடங்களுக்கு முன் கொடைக்கானலில் சூரியச் சுவாலைகளை ஆராய்ந்து எழுதியவர்களில் மேரி எவர்ஷெட் என்ற பெண்ணும் ஒருவர்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். நிகார் ஷாஜியின் படத்தைப் பகிரும் நாம், அவர் திருநெல்வேலி அரசினர் பொறியியற் கல்லூரியில் படித்துவிட்டு வேலைக்காக ஊரைவிட்டுப் போனதை ஏன் பேசுவதில்லை? கணிதப் பிரிவில் படிக்கும் மகளிடம் “பௌதிகம் படித்து என்ன செய்யப் போகிறாய், ரீச்சராகத்தானே வருவாய்?” என்கிறோம். ரீச்சராவது குறைவான வேலையும் அல்ல. அது வேறு கதை.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பௌதிக விஞ்ஞானத்தை முதலாவதாக எழுத நினைத்திருக்கிறேன். வாப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவரும் வாசிப்பார்.