இரண்டாவது காப்பாளன்

இங்கிலாந்தின் கீழ்ப்பிரிவு உதைபந்தாட்டக் கழகங்களில் இரண்டாவது கோல் காப்பாளனாக இருப்பவன் ஊதியம் பெறும் சோம்பேறி என்று நண்பரொருவர் அண்மையில் வாதிட்டார். ஆடாத ஆட்டத்துக்குச் சம்பளம், சேறு படாத சட்டை, தோல்வியிற் பங்கில்லாத பெயர் என அவர் அடுக்கிக்கொண்டே போனார். கேட்டிருந்தோர் சிரித்தனர். அச்சிரிப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த திருகோணமலையாரிடையே இவ்வாதம் எடுபட்டது வியப்புக்குரியது. கப்பல் வராத நாளில் இழுவைப் படகு துறையிலே கட்டுண்டு கிடக்கின்றது. அதன் இயந்திரத்தைப் பேணி, வடத்தைச் சோதித்து, ஆட்களை ஆயத்தமாக வைத்திருப்பதைச் சோம்பல் என்பாருண்டோ? கப்பலைக் கண்ட பின்னர் படகைச் செப்பனிடத் தொடங்குபவனையே நாம் ஏசுவோம். மைதானத்துக்கு வந்ததும் இந்த அறிவு எங்கே போய்விடுகின்றது?

காப்பாளனின் தொழிலைச் சற்று நோக்குக. முன்கள வீரனொருவன் கடைசிப் பத்து நிமிடத்தில் இறங்கி, களைத்த எதிரணியை அலைக்கழிக்கலாம். காப்பாளனுக்கு அப்பத்து நிமிடத்தைக் கொடுப்பாரில்லை. முதலாமவன் காயமுற வேண்டும், அல்லது வெளியேற்றப்பட வேண்டும். அதுவரை வாரம் முழுவதும் பயிற்சி. ஆட்டநாளில் முதலாமவனுக்குப் பந்தை உதைத்து, அவன் கைகளைப் பழக்கிவிட்டு இருக்கைக்குத் திரும்புதல். தன் இடத்தைப் பிடித்திருப்பவனை நாள்தோறும் மேலும் வல்லவனாக்குவதே இவன் வேலை.

இவனில்லாத காலமும் இருந்தது. 1956ஆம் ஆண்டு எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் மான்செஸ்ரர் சிற்றியின் காப்பாளர் பேர்ட் ட்ரவுட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் இறுதிவரை ஆடினார். அவரது வீரத்தைப் போற்றுவோர், பதில் வீரரை அனுமதியாத விதியைப் பேசுவதில்லை. 1965இல் லீக் ஆட்டங்களில் ஒரேயொரு பதில் வீரர் அனுமதிக்கப்பட்டார்; அதுவும் முதலிற் காயத்துக்கு மட்டும். அந்த ஒற்றை இடத்தைக் காப்பாளனுக்கு ஒதுக்க எந்தக் கழகம் துணியும்?

இத்தொழிலாளரில் உலகம் அறிந்தவர் எவர்? 1999 மே 8ஆம் திகதி கார்லைல் யுனைற்றெட் அணி லீக்கிலிருந்தே விழும் நிலையில் பிளிமத் ஆர்கைலுடன் ஆடியது. அவ்வணியின் காப்பாளர் ஜிம்மி கிளாஸ், சுவிண்டன் கழகத்திலிருந்து அவசரத்துக்கு இரவலாகப் பெறப்பட்டவர். மேலதிக நேரத்தில் தன் கோலை விட்டு முன்னே ஓடி, பந்தை உதைத்து வெற்றிக் கோலைப் போட்டார். கழகம் பிழைத்தது. அவரோ சில ஆண்டுகளில் ஆட்டத்தை விட்டு வாடகைக்கார் ஓட்டினார். மற்றவர் சற்றன் யுனைற்றெட்டின் வெயின் ஷோ. 2017 பெப்ரவரியில் ஆர்சனலுடனான ஆட்டத்தில், நாற்பத்தைந்து வயதில் இருக்கையிலிருந்து இறைச்சிப் பணியாரம் தின்றார். அவர் தின்பார் என்று பந்தய நிறுவனமொன்று முன்னரே எட்டுக்கு ஒன்று எனப் பந்தயம் வைத்திருந்தது. அவர் பதவி துறந்தார். பின்னர் அபராதமும் இரு மாதத் தடையும் பெற்றார். அவர் செய்தது தவறே. ஆனால் ஒருவர் முன்கள வீரனின் வேலையைச் செய்ததாலும் மற்றவர் தின்றதாலும் புகழ்பெற்றனர். இருவரும் தடுத்த பந்துகளைக் கேட்டவர் யார்?

நம்மவர் கதையும் வேறல்ல. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2–1 என வென்ற இந்திய அணியின் காப்பாளர் பீற்றர் தங்கராஜைப் பலர் அறிவர். அவர் காய்ச்சலுற்றிருந்தபோது கோலைக் காத்த பிரத்யுத் பர்மனின் பெயரைச் சொன்னால் விழிப்பர்.

திருகோணமலையிலும் ஓடமாட்டாதவனைக் கோலுக்கு அனுப்பும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. முதலாவது காப்பாளனையே இப்படித் தேடுவோர் இரண்டாமவனை எங்ஙனம் பயிற்றுவர்? காப்பாளன் விழுந்தால் பின்கள வீரனொருவன் அவன் கையுறையை மாட்டிக்கொண்டு நிற்கின்றான், கோல்கள் விழுகின்றன, பழி அவனைச் சேர்கின்றது. நட்புமுறை ஆட்டங்களின் பிற்பாதியை இரண்டாவது காப்பாளனுக்குக் கட்டாயமாக அளிக்கலாம். செலவு ஒரு சோடிக் கையுறை.

நண்பர் இன்னும் ஐயுற்றால் ஒரு மாலை ஏகாம்பரம் மைதானத்துக்கு வரட்டும். எண்பது நிமிடம் அசையாது உட்காரவைத்த பின்னர் அவரைக் கோலிலே நிறுத்தி, முதற் பந்தை நானே உதைப்பேன்.