விற்றுவிடு!

பகிஷ்கரிப்பு என்னுஞ் சொல் நம் வாசகர்களுக்குப் புதியதன்று. கடைக்காரன் அநியாய விலை கேட்டால் அவன் கடைப் படியை மிதியாதிருக்கின்றோம். ஒரு கூட்டம் பிடிக்கவில்லையென்றால் அப்பக்கம் தலைகாட்டாது விடுகின்றோம். போகாமல் நிற்பதே பகிஷ்கரிப்பு என்பது உலகறிந்த வழக்கு. ஆனால், எல்லோரும் ஒருமித்துத் திரண்டு போவதையே ஒரு பகிஷ்கரிப்பாக நடத்திக் காட்டினார்கள் அமெரிக்காவிலுள்ள ஓக்லண்ட் நகரத்தார். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் 13ஆந் திகதி இரவு நடந்த அச்சம்பவத்தைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினேன்.

பேஸ்பால் நம் நாட்டில் அவ்வளவாகப் பரவாத ஆட்டம். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லி வைக்கலாம். பந்தெறிபவன் ஒருவன்; உருண்டைத் தடியால் அடிப்பவன் ஒருவன்; கட்சிக்கு ஒன்பது பேர். அமெரிக்கப் பெரிய லீக்கில் ஒரு கட்சி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகின்றது. மார்ச் மாதக் கடைசி தொடங்கிச் செப்ரெம்பர் முடியும்வரை அநேகமாக நாள்தோறும் ஆட்டந்தான். ஆகவே அபிமானிக்கும் கட்சிக்கும் இடையிலுள்ள உறவு, படலையைத் திறந்து அன்றாடம் வந்துபோகும் அயலவரின் உறவைப் போன்றது. அந்த அயலவர் ஒருநாள் சொல்லாமற் கொள்ளாமல் வீட்டை விற்றுப் புறப்பட்டால் எப்படியிருக்கும்?

ஓக்லண்டின் கட்சிக்கு அத்லெற்றிக்ஸ் என்று பெயர். 1901இல் பிலடெல்பியா நகரிற் பிறந்து, 1955இல் கன்சாஸ் சிற்றிக்குக் குடிபெயர்ந்து, 1968இல் ஓக்லண்டை வந்தடைந்த கட்சி அது. அதன் இலச்சினை ஒரு வெள்ளையானை. அதற்கொரு கதையுண்டு. 1902இல் ஜோன் மக்கிரோ என்ற எதிர்க்கட்சி முகாமையாளர், இக்கட்சியை முதலாளிகளின் காசைத் தின்று தீர்க்கப்போகும் வெள்ளையானை என்று ஏளனஞ் செய்தார். கட்சியை நடத்திய கொனி மக் என்பவர் கோபிக்கவில்லை. அந்த யானையையே தம் கட்சியின் சின்னமாக எடுத்துக்கொண்டார். நூறாண்டுக்குமேற் கழிந்தபின், யானைக்குத் தீனிபோட மனமில்லாத ஒரு முதலாளி அதற்கு வாய்க்கப்போகின்றார் என்பதை அன்று யார் கண்டார்கள்!

ஓக்லண்ட், சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் உள்ள துறைமுகப் பட்டினம். உழைப்பாளர் நிறைந்த ஊர். இக்கட்சி 1972, 1973, 1974 என மூன்று வருஷம் தொடர்ந்து ‘உலகத் தொடர்’ எனப்படும் தலைமைக் கிண்ணத்தை வென்றது. அக்காலத்து உரிமையாளர் சார்ளி பின்லி என்பவரும் கைச்சிக்கனத்துக்குப் பேர்போனவரே. 1976இல் தம் சிறந்த வீரர் மூவரைப் பணத்துக்கு விற்க முயன்றார். லீக்கின் ஆணையாளர் அவ்விற்பனையை இரத்துச் செய்தார். 1980இல், ‘லீவைஸ்’ என்ற காற்சட்டைக் கம்பனியை நடத்திவந்த ஹாஸ் குடும்பத்தார் கட்சியை வாங்கினர். ஊருக்குச் செய்யும் ஒரு தொண்டாகவே அவர்கள் அதனைக் கருதினர். பணத்தைத் தாராளமாகச் செலவிட்டனர். 1989இல் மீண்டும் கிண்ணம் கிடைத்தது. 1990இல் அக்கட்சியின் சொந்த மைதானத்திற்கு வந்த பார்வையாளர் தொகை ஏறத்தாழ 29 இலட்சம். இந்த எண்ணை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

2005இல் ஜோன் பிஷர் என்பவர், லூ வோல்ப் என்ற கூட்டாளியுடன் சேர்ந்து 18 கோடி டொலருக்குக் கட்சியை வாங்கினார். இவர் ‘காப்’ என்ற துணிக்கடை ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தவர்களின் புதல்வர். ஒரு துணி வியாபாரக் குடும்பம் வளர்த்துவிட்ட கட்சியை இன்னொரு துணி வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை இந்நிலைக்குக் கொண்டுவந்தார் என்பது விதியின் விளையாட்டுப் போலும்.

சிக்கனம் இக்கட்சிக்குப் புதிதன்று. பில்லி பீன் என்ற முகாமையாளர், பிறர் மதியாத வீரர்களைக் கணக்குப் பார்த்துத் தேர்ந்து, சிறு தொகையைக் கொண்டே பெரிய கட்சிகளை வென்றவர். 2002இல் தொடர்ந்து 20 ஆட்டங்களை வென்ற கட்சி அவருடையது. மைக்கேல் லூயிஸ் என்பவர் 2003இல் அதைப்பற்றி ஒரு நூல் எழுத, அது 2011இல் திரைப்படமாகவும் வந்தது. பணமில்லாதவன் மூளையால் வெல்வதைக் கண்டு அபிமானிகள் பெருமைப்பட்டார்கள். ஆனால் வறுமையிற் செம்மை வேறு, செல்வத்தில் உலோபம் வேறு. இரண்டையும் ஊரார் நன்றாகவே பிரித்தறிந்தனர்.

2021இல் 86 ஆட்டங்களை வென்ற கட்சி அது. அடுத்த மார்ச் மாதத்தில், சில நாட்களுக்குள், கிறிஸ் பாசிற், மற் ஒல்சன், மற் சப்மன் ஆகிய மூவரும் வேறு கட்சிகளுக்கு மாற்றப்பட்டனர். அவ்வாண்டு இறுதியில் ஷோன் மேர்பியும் போனார். பருவச் சீட்டின் விலையோ ஏற்றப்பட்டது! 2022இல் 102 தோல்விகள், 2023இல் 112. அவ்வாண்டு வீரர்களுக்கு இக்கட்சி கொடுத்த சம்பளத் தொகை 30 கட்சிகளுள்ளும் மிகக் குறைந்தது.

இப்படித் தோற்றால் முதலாளிக்கு நட்டமன்றோ என்று மாணவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. விடை அந்த லீக்கின் அமைப்பில் இருக்கின்றது. இங்கிலாந்தின் உதைபந்தாட்டத்தில், கடைசி இடங்களைப் பெறும் கழகங்கள் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்படுகின்றன. தோல்விக்கு உடனே தண்டனையுண்டு. அமெரிக்கப் பேஸ்பாலில் அப்படியில்லை. முப்பது கட்சிகளும் என்றும் முப்பதே. நாடுதழுவிய தொலைக்காட்சி வருமானம் எல்லோருக்கும் பங்கிடப்படுகின்றது. பெரிய கட்சிகளின் வருவாயில் ஒரு பகுதியும் சிறிய கட்சிகளுக்கு வருகின்றது. தோற்றவர்க்கு இளம் வீரர்களைத் தெரிவதில் முன்னுரிமையும் உண்டு. போதாக்குறைக்கு, பேஸ்பால் தனியுரிமைத் தடைச் சட்டத்துக்கு உட்பட்டதன்று என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1922இல் அளித்த தீர்ப்பு இன்றும் பெரும்பாலும் நிலைத்திருக்கின்றது. ஆட்டம் தோற்கத் தோற்க அபிமானியின் நெஞ்சு வேகும். சொத்தின் விலையோ ஏறும். 18 கோடிக்கு வாங்கிய கட்சியின் மதிப்பு 2023இல் நூறு கோடி டொலரைத் தாண்டியிருந்தது.

ஓக்லண்டுக்கு ஜனங்கள் வருவதில்லை, ஆகவே வேறூர் போகின்றோம் என்பது நிர்வாகத்தின் கட்சி. அவ்வாண்டு மே மாதத்தில் ஓர் இரவு 2,064 பேரே வந்திருந்தனர் என்பது உண்மை. ஆனால் 29 இலட்சம் பேர் வந்ததும் அதே மைதானத்துக்குத்தானே? வைக்கோல் போடாமல் மாட்டை மெலியவிட்டுவிட்டு, பால் கறக்கவில்லை என்று சந்தைக்கு ஓட்டிச்செல்பவனை நம்மூரில் என்ன சொல்வார்கள்?

இதற்கு விடையாகத்தான் அந்த இரவு வந்தது. ‘நாங்கள் இங்கேதான் இருக்கின்றோம், வராததற்குக் காரணம் நீர்’ என்பதை முதலாளிக்குக் காட்டவேண்டுமென்று அபிமானிகள் ஒரு நாளைக் குறித்தார்கள். செவ்வாய்க்கிழமை, விசேஷம் ஒன்றுமில்லாத ஆட்டம். வந்து சேர்ந்தோர் 27,759 பேர். ‘விற்றுவிடு’ என்ற ஒற்றைச் சொல் பொறித்த பச்சைச் சட்டைகள் ஆயிரக்கணக்கில் இனாமாக வழங்கப்பட்டன. ஐந்தாம் இனிங்ஸ் தொடங்கியபோது முதல் ஆட்டக்காரர் தடியேந்தி நின்ற வேளை முழுவதும் மைதானம் மயானம்போல் மௌனித்தது. பின்னர் எல்லோரும் ஒருங்கே எழுந்து, ‘கட்சியை விற்றுவிடு’ என்று முழங்கினர். முழக்கம் தொலைக்காட்சி வழியே நாடெங்கும் கேட்டது. அந்நாளில் லீக்கிலேயே முதலிடத்தில் நின்ற ரம்பா பே கட்சியை, கடைசி இடத்தில் நின்ற அத்லெற்றிக்ஸ் 2-1 என்று வென்றது. தொடர்ந்து ஏழாவது வெற்றி! ஆடியவர்கள்மீது எவருக்கும் கோபமில்லை. இளைஞர்கள்; குறைந்த சம்பளத்துக்கு வியர்வை சிந்துகிறவர்கள். அவர்களுக்குக் கைதட்டிய அதே கைகளே முதலாளிக்கு எதிராகப் பதாகை ஏந்தின. இந்தப் பாகுபாட்டை அவ்வளவு பெரிய கூட்டம் ஓரிரவு முழுதும் தவறாது காத்தது எனக்கு வியப்பாயிருக்கின்றது.

அன்றைய சீட்டுப் பணமான எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட டொலரைத் தருமத்துக்கு வழங்குவதாக நிர்வாகம் அறிவித்தது. ஆனால் அதே நாளில், நெவாடா மாநிலத்துச் செனற் சபை, லாஸ் வேகாஸ் நகரில் இக்கட்சிக்கு மைதானங் கட்ட 38 கோடி டொலர்வரை பொதுப்பணம் வழங்கும் மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு நாளில் ஆளுநர் ஒப்பமிட்டார். ஓரிரவாவது சராசரிக் கூட்டம் ஒன்று வந்தது நல்லதே என்று லீக்கின் ஆணையாளர் றொப் மன்பிரெட் சொன்ன சொல், வெந்த புண்ணில் வேலாயிற்று.

முதலாளி பக்கத்தில் ஒரு நியாயமும் இல்லையென்று சொல்லிவிட முடியாது. 1966இல் திறக்கப்பட்ட அந்த மைதானம் பழுதடைந்திருந்தது. 2013இல் கழிவுநீர் பொங்கி வீரர்களின் அறைக்குள்ளேயே புகுந்தது. அருகிலுள்ள சான் ஹோசேக்குப் போகலாமென்றால், அது சான் பிரான்சிஸ்கோ கட்சியின் எல்லைக்குட்பட்டதென்று தடை. ஓக்லண்டிலேயே ஹவார்ட் இறங்குதுறையில் மைதானம் அமைக்கும் பேச்சும் பல வருஷம் இழுபட்டது. நகரசபையும் வேகத்துக்குப் பேர்பெற்றதன்று. எனினும், பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே 2023 ஏப்ரலில் லாஸ் வேகாஸில் நிலம் பேசிமுடித்த செய்தியை வெளியிட்டதை என்னால் நல்லெண்ணமென்று கொள்ள முடியவில்லை. வோரியர்ஸ் என்ற கூடைப்பந்துக் கட்சியை 2019இலும் றைடர்ஸ் என்ற அமெரிக்கக் காற்பந்துக் கட்சியை 2020இலும் இழந்த ஊருக்கு எஞ்சியிருந்தது இது ஒன்றுதான். 2023 நவம்பரில் முப்பது கட்சிகளின் உரிமையாளர்களும் கூடி வாக்களித்தனர். எதிர்வாக்கு ஒன்றுகூட இல்லை. கட்சி முதலாளியின் சொத்து என்கின்றது சட்டம், இருக்கட்டும். பேரப்பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துவந்த பாட்டனாரின் ஐம்பது வருஷம் எந்த உறுதியில் எழுதப்பட்டிருக்கின்றது?

கடைசி ஆட்டம் 2024 செப்ரெம்பர் 26ஆந் திகதி நடந்தது. 46,889 பேர் வந்தனர். ஓக்லண்டிலே வளர்ந்து அக்கட்சியின் தலைசிறந்த வீரராய் விளங்கிய றிக்கி ஹென்டர்சன், தம் தோழர் டேவ் ஸ்ரூவர்ட்டுடன் சம்பிரதாயப் பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடக்கிவைத்தார். அவ்வாண்டு டிசெம்பரில் அவர் காலமானார். ரெக்சாஸ் கட்சியை 3-2 என்று வென்றபின், முகாமையாளர் மார்க் கொற்சே ஒலிவாங்கியைப் பிடித்துக் கூட்டத்துக்கு நன்றி சொன்னார். பலர் கண்ணீருடன் மைதானத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துச் சென்றார்கள்.

2025 முதல் அக்கட்சி சக்ரமென்ரோ நகரில், ஏறத்தாழப் பதினாலாயிரம் பேர் கொள்ளும் சிறு மைதானம் ஒன்றில் ஆடத் தொடங்கியது. ஊர்ப்பெயர் சேர்க்காமல் வெறும் அத்லெற்றிக்ஸ் என்றே தன்னை அழைத்துக்கொண்டது. லாஸ் வேகாஸ் மைதானத்தை 2028இல் திறப்பதாகத் திட்டம்.

ஓக்லண்டிலோ 2024இல் போலர்ஸ் என்ற புதிய கட்சியொன்று, சிறிய லீக் ஒன்றில் ஆடத் தொடங்கியது. ஊர்ப் பூங்கா மைதானமே அதற்கு வீடு. கட்சியின் பங்குகளை அபிமானிகளுக்கே விற்றார்கள், ஆயிரக்கணக்கானோர் வாங்கினர். 2025 செப்ரெம்பரில் அது தன் லீக்கின் கிண்ணத்தை வென்றது. இனிமேல் ‘விற்றுவிடு’ என்று கூவவேண்டி நேர்ந்தால், அவர்கள் கொஞ்சம் தம்மையும் பார்த்துக் கூவவேண்டும்.